எலிக்கு ஆறிய புண்

அக்கா,

இன்று மாலை, தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நீங்கள் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். எந்திரத்திலிருந்து சூடாக வந்த தாளை வாங்கியதும் அந்த மை வாசனை. நீங்கள் பக்கத்தில் நிற்பது போலவே இருந்தது. இப்போது அங்கே வேறொரு அக்கா இருக்கிறார். நான் எதை அச்செடுக்கிறேன் என்று அவர் பார்ப்பதில்லை.

நீங்கள் பார்ப்பீர்கள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக நான் இணையத்தில் தேடி எடுத்து வந்த கட்டுரையைப் பக்கம் பக்கமாகப் பார்த்தீர்கள்.

“ஏட்டி, காலையில இருந்து ஜாதகமா எடுத்துத் தள்ளுதேன். நீ எலி ஜாதகம் கொண்டாந்திருக்கியா?”

நான் சிரிக்கவில்லை. விளக்கிச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் எனக்குப் போதும். குடல் அழற்சி நோயில் உடம்பைக் காக்க வேண்டிய செல்களே குடலின் உட்சுவரைத் தாக்குகின்றன. எலிக்குத் தண்ணீரில் ஒரு ரசாயனம் கலந்து கொடுத்து அந்தப் புண்ணை வரவழைக்கிறார்கள். தாக்கத் தூண்டும் புரதத்தை ஊசி மருந்தால் தடுத்ததும் புண் ஆறுகிறது. மூச்சுவிடாமல் சொன்னேன். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள்.

“எலிக்கு நோவுன்னு எப்படிட்டி தெரியும்? அது வாயத் தொறந்து சொல்லுதா?”

“எடை குறையும், ரத்தம் போகும், முதுகக் கூனிக்கிட்டே உக்காந்திருக்கும்க்கா.”

நீங்கள் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டுத் தாள்களை அடுக்கிக் கொடுத்தீர்கள்.

சாரல் தொடங்கியதும் நம் தெருப் பெண்கள் எல்லாரும் ஐந்தருவிக்குப் போனோம். நீங்கள் என்னைத் தண்ணீருக்கடியில் இழுத்து, காதில் வாய் வைத்துக் கத்தினீர்கள்: “எனக்கும் ரத்தமாப் போகுதுட்டி. ரொம்ப நாளா.” அந்த இரைச்சலில், பக்கத்தில் நின்ற உங்கள் அம்மாவுக்குக்கூட அது கேட்கவில்லை. அதற்காகத்தான் அந்த இடம் என்று பிறகு புரிந்தது. மூலநோயாக இருக்கும் என்று நீங்களாகவே மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறீர்கள். டாக்டரிடம் காட்ட வெட்கம். உங்களுக்குப் பேசி வைத்திருந்த ஆலங்குளத்து மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் வேறு.

“அந்த எலி ஊசி நமக்கும் வருமாட்டி?”

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அதுவரை என்னை யாரும் இவ்வளவு பெரிய கேள்வி கேட்டதில்லை.

“இப்ப எலிக்குத்தாங்க்கா. மனுசங்களுக்கு வரக் கொஞ்ச வருசம் ஆகும். கண்டிப்பா வரும், பொறுத்துக்கோங்க!” என்று நானும் கத்தினேன்.

நீங்கள் தலையாட்டினீர்கள். பொறுத்துக்கொண்டீர்கள்.

அடுத்த சாரலுக்குள் உங்களைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பார்க்க வந்த என்னை டாக்டரிடம் காட்டி, மெலிந்த குரலில் பெருமையாகச் சொன்னீர்கள்: “எங்க தெருப் பிள்ள சார். இதுக்கு ஊசி இருக்குன்னு இவ அப்பவே சொன்னா.”

அவர் எனக்கு ஒரு புன்னகை தந்தார். பிறகு வராந்தாவில் உங்கள் அம்மாவிடம் பேசியதை நானும் கேட்டேன். “இந்த மாதிரி ஊசி மனுசங்களுக்குப் போட ஆரம்பிச்சுப் பல வருசம் ஆச்சும்மா. எலியில இப்ப பாக்குறது அதுக்கு அடுத்த மருந்து. முன்னமே வந்திருந்தா போட்டுப் பாத்திருக்கலாம். இப்ப குடல் ஓட்டையாகி வயிறு பூரா கிருமி பரவியிருக்கு. இந்த நேரத்துல எதிர்ப்புச் சக்திய அடக்குற ஊசியப் போட முடியாது.”

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு அந்தக் கட்டுரையை எடுத்து முதலிலிருந்து படித்தேன். மனிதர்களுக்குக் கொடுக்கும் மருந்துகளைப் பற்றி முதல் பத்தியிலேயே எழுதியிருந்தார்கள். அன்று நான் அதைத் தாண்டி எலிப் படங்களுக்கு ஓடியிருக்கிறேன்.

உங்கள் அம்மா நேற்றும் பால் கடையில் என் தலையைத் தடவி, நின்றவர்களிடம் சொன்னார்: “இவ அப்பவே சொல்லியிருக்கா. எம்மவதான் கேக்கல.”

நீங்கள் கேட்டீர்கள், அக்கா. நான் சொன்னதை அப்படியே கேட்டீர்கள். அதை அவரிடம் இன்னும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அவர் புகழும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்கிறேன். அதை அடக்கம் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் புகழ்கிறார்.