அண்டா, கிரீடம், நிறுத்தம்

பாய், இன்று காலை கார்னெட் குழலைப் புளி போட்டுத் துலக்கினேன். பித்தளையும் புளியும் கலந்த அந்த வாடை விரலில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. நாளை கே.ஜி.கண்டிகையில் கல்யாணம். உன் இடத்துக்கு இன்னும் யாரும் அமையவில்லை. நான் ஒற்றை ஆளாகத்தான் ஊத வேண்டும்.

யுத்த காலத்தில் நம் திருத்தணி பேண்டுக்கு வந்தாரே கோவாக்கார மாஸ்டர், அவர் ஒருநாள் சுரத்தின் தலைமேல் ஒரு வளைவும் அதற்குள் புள்ளியும் போட்டுக் காட்டினார். இந்தக் குறி வந்தால் தாளக் கணக்கு பார்க்காதே, நான் கையை இறக்கும்வரை அந்தச் சுரத்தை விடாதே என்றார். கப்பல் பேண்டில் தேசம் தேசமாகச் சுற்றியவர். இத்தாலிக்காரன் இதை ஃபெர்மாட்டா என்பானாம், நிறுத்துவது என்கிற சொல்லிலிருந்து வந்ததாம். கிரீடம் என்றும் சொல்வானாம். ஸ்பெயின்காரனுக்கு இது பெரிய அண்டா. பிரெஞ்சுக்காரனுக்கு ஆர்கன் வாத்தியத்தின் புள்ளி. இங்கிலீஷ்காரன் மட்டும் சிக்கனமாக, சற்று நில் என்று முடித்துக்கொண்டான்.

உனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அவனவன் வூட்ல இன்னா கீதோ அத்தயே பேரா வச்சிகினான்பா. நமக்கு அண்டாவே போதும்," என்றாய். அன்றிலிருந்து நமக்கு அது அண்டாதான்.

திருவாலங்காட்டுக் கல்யாணத்தில் அந்த அண்டாவால் மானம் போக இருந்தது. கடைசிச் சுரத்தைப் பிடித்திருக்கிறோம், பெண்ணின் அப்பா சந்தனம் கொடுக்கக் கூப்பிட்டார் என்று மாஸ்டர் கையை இறக்காமலே போய்விட்டார். நமக்கோ உத்தரவு உத்தரவுதான். நான் மூச்சு வாங்கும்போது நீ பிடித்தாய், நீ வாங்கும்போது நான். சத்தம் அறுபடவே இல்லை. பேண்டு ஓய்ந்தால்தானே கெட்டிமேளம்? மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடி நிற்கிறான், மேளக்காரர் குச்சியை ஓங்கியபடி நம்மை முறைக்கிறார். கடைசியில் நீதான் என்னை முழங்கையால் இடித்து நிறுத்தினாய். மாஸ்டர் திட்டித் தீர்த்தார். ஆனாலும் நாம் இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு சுரத்தை எவ்வளவு நேரமும் பிடிக்கலாம் என்று தெரிந்த பெருமையில், ரயிலில் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தோம்.

அப்புறம் உனக்கு இருமல் வந்தது. ஊதவே கூடாது என்று அரக்கோணத்து டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நீ கேட்கிற ஆளா? குழலை வாயில் வைத்தபடி பாட்டு முழுவதும் சும்மா நிற்பாய். அண்டா வந்ததும், நான் மூச்சு வாங்கும் அந்த ஒரு இடத்தில் மட்டும் ஊதுவாய். உசிரை விடுவதற்கா வருகிறாய் என்று கோபத்தில் கத்தியிருக்கிறேன். நீ அமைதியாகச் சொன்னாய்: "நீ மூச்சு வாங்குபா. அதுக்குத்தான் நான் கீறேன்."

உன்னைக் கபர்ஸ்தானில் விட்டுவிட்டு வந்த வாரமே ஒரு கல்யாணம் இருந்தது. போனேன், ஊதினேன். இப்போதெல்லாம் மாஸ்டர் மறக்காமல் கையை இறக்குகிறார், நானும் சரியாக நிறுத்துகிறேன். பந்திக்குக் கூப்பிடுகிறார்கள், சாப்பிடுகிறேன். ஆனால் ரொம்பத் தனியாக இருக்கிறது. ஜனங்களுக்கு ஒரு குறையும் தெரிவதில்லை. எனக்கு மட்டும் அந்தச் சுரத்தின் நடுவில் மூச்சு வாங்குகிற இடம் கேட்கிறது. அங்கே சத்தம் அறுந்துபோகிறது, பாய். நீ இருந்தவரை அது ஒருநாளும் அறுந்ததில்லை.