வெயிலுக்கு ஒரு நாற்காலி

பிப்ரவரி 18

என் நெட்டையருக்கு,

நலம்தானே? இங்கே நான் நலம், அப்பா நலம், தையல் மெஷினுக்கு மட்டும் கொஞ்சம் முட்டிவலி. போனில் பேசினால் வாயெடுத்ததும் சண்டை வருகிறது, இனிமேல் கடிதம்தான் என்று நீங்கள் சொன்னபோது கிண்டல் செய்தேன். இப்போது அதுவே நல்லது என்று படுகிறது. நான் பேசி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாதே!

விஷயத்துக்கு வருகிறேன். பின்முற்றத்துக்குக் கூரை போடப்போகிறேன். மேற்குப் பார்த்த முற்றம், உங்களுக்குத் தெரியாததா? மதியத்துக்கு மேல் சிமெண்டுத் தரையில் கால் வைக்க முடிவதில்லை. அறைக்குள் உட்கார்ந்து தைத்தால், மின்விசிறியைப் போட்டால் துணி பறக்கிறது, நிறுத்தினால் துணியில் வியர்வை சொட்டுகிறது. மெஷினை வெளியே நிழலில் போட்டுவிட்டால் காற்றும் கிடைக்கும், வெளிச்சமும் கிடைக்கும்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. தன் கையால் கட்டிய வீட்டில் யாராவது ஒரு ஆணி அடித்தாலும் தன் காலில் அடித்த மாதிரிதான் அவருக்கு. "வானத்தை மூடுறதுக்கு நீ யாரு? துணி எங்க காயும்?" என்கிறார். வெல்டிங்காரரை வரச் சொல்லியிருக்கிறேன். ஷீட், பைப் எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். யோசனைதான் கேட்கிறேன், வேறொன்றும் இல்லை.

நேற்று மதியம் வெட்டிப்போட்ட துணிகளின் மேலேயே தூங்கிவிட்டேன். கனவில் நம் முற்றம் முழுக்கத் தண்ணீர். இறங்கிப் பார்த்தால் தண்ணீர் இல்லை, நிழல். கணுக்கால் வரை குளிர்ந்தது. நடுவில் நீங்கள் நின்றுகொண்டு, காலையில் எழுந்ததும் செய்வீர்களே, அந்த மாதிரி இரண்டு கைகளையும் தூக்கிச் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தீர்கள். கூப்பிட்டேன். திரும்பவில்லை. கனவிலும் அதே வீம்பு.

உங்கள்
சிட்டு


பிப்ரவரி 27

சிட்டுக்கு,

இந்த மலையூரில் வெயில் என்பது வெறும் வதந்தி. எதிரே வருபவர் முகம் மூக்கோடு மூக்கு இடிக்கும்போதுதான் தெரிகிறது. ஆலையில் நாள் முழுக்கக் காகிதச் சுருளில் ஈரம் பார்க்கிறவன், அறைக்கு வந்தால் தலையணையில் ஈரம் பார்க்கிறேன். போன வாரம் துவைத்த காலுறை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. உன் கடிதத்தைப் பிரித்ததும் அதில் வெயில் வாசனை அடித்தது. சிரிக்காதே, நிஜமாகவே அடித்தது. சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் முகத்தில் வைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, யோசனை. வெறும் தகரம் வேண்டாம், அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அடியில் நுரை ஒட்டிய ஷீட் கிடைக்கும், அதைப் போடு. தூணை மண்ணில் நட்டுவிட்டுப் போய்விடுவார்கள், விடாதே. அடியில் சிமெண்டுப் பீடம் கட்டச் சொல். கூரை வீட்டுச் சுவரில் தொடங்கி மேற்கே சரியட்டும். முக்கியமான விஷயம், மேற்கு ஓரம் ஏழடிக்கு மேல் போகவே கூடாது. சாயங்கால வெயில் படுத்துக்கொண்டு வரும். ஓரத்தை உயர்த்தினால் கூரைக்கு அடியில் நுழைந்து உன் மடியிலேயே உட்காரும், அப்புறம் கூரை போட்டும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். ஏழடி உங்கள் இருவருக்கும் தாராளம். மாமா தலையில் குடம் வைத்துக்கொண்டு நடந்தாலும் இடிக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆலைக் குடியிருப்பில் எனக்கு வீடு தருகிறார்கள். மார்ச் கடைசிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்டால் ஓய்வு பெறும்வரை இங்கேதான். நல்ல வீடு, கதவு நிலைகளெல்லாம் உயரம். நீ வருவாயா என்று கேட்க மாட்டேன், போன முறை கேட்டதற்குக் கிடைத்த பதில் இன்னும் காதில் இரைகிறது. நம் ஊரில் ஆலைக்கு ஒரு கிடங்கு உண்டே, அங்கேயும் ஒரு இடம் காலி. சம்பளம் குறைவு. வெயிலுக்குப் பயந்து யாரும் போவதில்லை. எனக்கு வெயிலிடம் பயமில்லை.

நெட்டை


மார்ச் 8

என் நெட்டையருக்கு,

வெயிலிடம் பயமில்லை என்றால் யாரிடம் பயம்? அப்பாவிடமா? என் தோளுக்குக்கூட வராத மனிதரிடமா?

மலைக்கு வருவதற்கு எனக்கென்ன கசக்கிறதா? அப்பாவை யார் பார்ப்பது? இந்த வீட்டைவிட்டுப் பக்கத்துத் தெருவுக்குப் போனாலே அவருக்குத் தூக்கம் வராது. போன முறை அதைத்தான் சொல்ல வந்தேன். சொல்வதற்குள் கோபம் முந்திக்கொண்டது. எனக்கு மூக்குக்கு மேல்தானே வரும்.

வெல்டிங்காரர் வந்தார். நல்ல மனிதர், ஆனால் ஒரு வேலைக்கு ஒன்பது பேச்சு. வந்ததும் அளக்கவில்லை, டீக்குப் பிறகும் அளக்கவில்லை. சாயங்காலம்வரை உட்கார்ந்து நிழல் நகர நகரத் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே போனார். அவர் போன பிறகு நானும் அப்பாவும் அந்தக் கோடுகளைத் தாண்டித் தாண்டி நடந்தோம். ஏதோ மிதித்துவிடக் கூடாதது மாதிரி. இருட்டும் வரை அழிக்கவில்லை. நீங்கள் சொன்ன ஏழடியைச் சொன்னேன். "அண்ணனுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு" என்றார். எனக்கு ஒரே பெருமை. உங்களிடம் சொல்லக் கூடாதுதான், சொல்லிவிட்டேன்.

சமையலறை நிலையைப் பார்த்து அவரும் கேட்டார், "இது என்னக்கா, கதவுக்கு மெத்தை?" என்று. ஆமாம், இன்னும் அங்கேதான் இருக்கிறது. அந்த நிலை இடித்து உங்கள் நெற்றியில் மூன்றாவது முறை வீக்கம் கண்ட அன்று, மிச்சத் துணியில் பஞ்சு வைத்துத் தைத்து நான் ஆணியடித்த மெத்தை. தூசு தட்டும்போதெல்லாம் கழற்றிவிடலாம் என்று நினைப்பேன். கை வருவதில்லை. ஆசையாகத் தைத்தேன். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் பெட்டி கட்டுவீர்கள் என்று எந்தத் தையல்காரிக்குத் தெரியும்?

சிட்டு


மார்ச் 17

சிட்டுக்கு,

மெத்தைப் பேச்சை நீயே எடுத்தாய், அதனால் நானும் பேசுகிறேன்.

நீ ஆசையாகத்தான் தைத்தாய். அது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் மாமா வந்தவர் போனவருக்கெல்லாம் அதைக் காட்டினார். "எங்க மாப்பிள்ளை நின்னுக்கிட்டே தூங்குவாரு, அதான் தலையணை" என்றார். ஒவ்வொரு முறை இடிக்கும்போதும், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று ஒரு பழமொழி வேறு. தண்ணீர் கேன் போடுகிறவர் சிரித்தார். வாடகைக்கு வீடு கேட்டு வந்தவர்கூடச் சிரித்தார், நம் வீட்டில் வாடகைக்கு இடமே இல்லை. நீயும் சிரித்தாய். வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்துவிடுவேன். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? நீ சிரித்ததுதான் வலித்தது. நெற்றியைவிட அதிகமாக.

அந்த வீட்டில் நான் முழுசாக நிமிர்ந்தது ஒரே ஒரு இடத்தில்தான். காலையில் பின்முற்றத்துக்குப் போய் இரண்டு கைகளையும் தூக்கி ஒரு முறை முறித்தால்தான் இந்த உடம்பு என்னுடையது என்று தோன்றும். இப்போது அதற்கும் ஏழடியில் கூரை, அதுவும் என் யோசனைப்படி! நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இங்கே நேற்று ஒரு நிமிடம் மேகம் விலகிற்று. ஆலை ஜன்னல் வழியாக வெளிச்சம் வந்து ஓடிக்கொண்டிருந்த காகிதத்தின் மேல் விழுந்தது. அவ்வளவு வெள்ளை. நம் முற்றத்துத் தரை மதியத்தில் இப்படித்தான் இருக்கும். அதன்மேல் வெறுங்காலோடு ஓடிக் கதவருகே நிழலுக்கு வந்து நீ ஒற்றைக் காலில் குதிப்பாய். அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் தோளைத் தட்டினார். மேகம் மூடியிருந்தது.

குடியிருப்பு வீட்டுக்குச் சம்மதம் சொல்லிவிடலாம் என்றுதான் இருக்கிறேன். உன்னைக் கோபித்துக்கொண்டு இல்லை. எங்கேயாவது ஒரு இடத்தில் இருந்தாக வேண்டும், அதற்காக.

நெட்டை


மார்ச் 25

என் நெட்டையருக்கு,

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். படித்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள், அல்லது சொல்லாமல் இருங்கள். படிக்காமல் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது அப்பா பக்கத்தில் இருந்தார். வழக்கம்போல, "என்ன எழுதியிருக்காரு?" என்றார். நலமாம் என்று சொல்லி மடித்து வைப்பதுதான் என் வழக்கம். அன்றைக்கு என்னவோ, முழுதும் வாய்விட்டுப் படித்துவிட்டேன். தலையணைப் பேச்சு, பழமொழி, நான் சிரித்தது, நீங்கள் கை தூக்குவது, எல்லாம். அப்பா எழுந்து பின்னால் போய் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

மறுநாள் வெல்டிங்காரர் பைப்பை ஏழடிக்கு வெட்டக் கத்தியைத் தீட்டிக்கொண்டு, அதாவது வெட்டும் மெஷினைப் போட்டுக்கொண்டு, தயாராக நின்றார். அப்பா போய்ப் பைப்பின் மேல் காலை வைத்துக்கொண்டார்.

"ஏழு பத்தாது."

"ஐயா, உங்க உயரத்துக்கு ஏழே ஜாஸ்தி."

"எனக்கா போடுறோம்? மாப்பிள்ளை காலையில எந்திரிச்சு எங்க போய் கை தூக்குவாரு? தகரத்துல இடிச்சுக்கவா?" என்னிடம் திரும்பினார். "ஏம்மா, அவரு கையத் தூக்கினா எவ்வளவு வரும்?"

 சொன்னேன். உங்கள் சட்டை அளவு எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். தோள்வரை உயரம், அதற்கு மேல் கை நீளம், விரல் நுனிவரை. கூட்டிச் சொல்லிவிட்டு, துணியில் உள்ளே மடித்து விடுவோமே, அந்த மாதிரி ஒரு சாண் தாராளமும் விட்டேன்.

வெல்டிங்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அக்கா, மேற்கு ஓரமே அவ்வளவு உயரம்னா சரிவுக்கு இந்தப் பக்கம் இன்னும் ஏத்தணும். வீட்டையே தாண்டிரும். சுவத்துல மாட்ட முடியாது, தனியா நாலு தூண் நடணும். சாயங்கால வெயில் உள்ள வந்து உக்காந்துக்கும்."

"உக்காரட்டும்," என்றார் அப்பா. "வெயிலுக்கு ஒரு நாற்காலி போட்டுருவோம்."

அப்படியே போட்டாயிற்று. நான்கு தூண், பீடம், நுரை ஷீட், எல்லாம் நீங்கள் சொன்னபடி. உயரம் மட்டும் அப்பா சொன்னபடி. வீட்டைவிட உயரமாக நிற்கிறது. தெருவில் போகிறவர்கள், மாடி எடுக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். அப்பா சிரிக்காமல், "மாப்பிள்ளை உயரம்" என்று மட்டும் சொல்கிறார். சாயங்காலமானால் வெயில் சொன்ன சொல் தவறாமல் உள்ளே வந்துவிடுகிறது. அப்பா நிஜமாகவே ஒரு காலி நாற்காலியைக் கொண்டுவந்து மேற்கு ஓரத்தில் போட்டிருக்கிறார். வெயில் அதில் வந்து உட்காருகிறது. மஞ்சளாக, சத்தமில்லாமல். நான் மெஷினை இந்தப் பக்கம் தள்ளிப் போட்டுக்கொள்கிறேன். நாங்கள் மூன்று பேரும் அப்படியே கொஞ்ச நேரம் இருக்கிறோம்.

நிலையில் மெத்தை இல்லை. அவரே கழற்றி என் கையில் கொடுத்தார். "பழசாப் போச்சு" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது, உங்களுக்கே தெரியும். என் வாயில் வரும். அன்றைக்கு நான் சிரித்திருக்கக் கூடாது.

வாருங்கள் என்று எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். வாருங்கள்.

உங்கள்
சிட்டு


மார்ச் 31

என் சிட்டுக்கு,

உன் கடிதத்தை ஆலையில் வைத்துப் படித்தேன். படித்து முடித்தபோது சுருள் ஒன்று முழுதும் ஈரம் பார்க்கப்படாமலே ஓடிப்போயிருந்தது. யாராவது அந்தக் காகிதத்தில் எழுதினால் மை ஊறும், பாவம்.

குடியிருப்பு வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிடங்கு வேலையைக் கேட்டேன். வெயில் எப்படி இருக்கும் தெரியுமா என்று மேலாளர் பயமுறுத்தினார். உட்கார நாற்காலி போட்டிருக்கிறோம் சார் என்றேன். அவருக்குப் புரியவில்லை. அடுத்த திங்கட்கிழமை அங்கே சேர வேண்டும், அதற்கு முன்னாலேயே வந்துவிடுவேன்.

கூரை விஷயத்தில் மாமா செய்தது சுத்தத் தப்பு. எந்தக் கணக்கிலும் சேராது. ஏழடிதான் சரி. நேரில் வந்தும் இதைச் சொல்வேன், சண்டையும் போடுவேன். நேற்று ராத்திரி கனவில் அதற்கு அடியில் நின்று கையைத் தூக்கினேன். எட்டவில்லை. இன்னும் தூக்கினேன், எட்டவில்லை. எழுந்தபோது தலையணை ஈரமாக இருந்தது. இந்த ஊர் ஈரம் என்றே வைத்துக்கொள்.

மேற்குப் பக்கத்துக்கு ஒரு திரை தைத்தால் வெயில் அடங்கும். கெட்டியான துணியாக எடுத்து வை. அளவு எடுக்க வேண்டாம், நான் வந்து பிடித்துக்கொள்கிறேன், நீ எடு.

மெத்தையைத் தூக்கிப் போட்டுவிடாதே. நிலை அதே உயரத்தில்தானே இருக்கிறது? நெற்றியும் அதேதான். புது உறை போட்டு மறுபடி அடித்து வை. அடிக்கும்போது சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். உள்ளே வரும்போது குனிந்தே வருகிறேன், பின்னால் போய் நிமிர்ந்துகொள்கிறேன்.

வண்டி சாயங்காலம்தான் வந்து சேரும். அந்த நாற்காலியிலிருந்து வெயிலைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொல்லி மாமாவிடம் சொல். ஆள் வந்துவிட்டது.

உன்
நெட்டை