ஞாயிற்றுக்கிழமை வீடியோக்கள்

ஜனவரி 9

அன்புத் தங்கைக்கு,

போனில் பேசினால் குட்டி ஒட்டுக்கேட்கிறாள் என்றாயே, அதனால் கடிதம். அவள் தொடையிலிருந்து எடுத்த சதையில் செல்கள் நன்றாக வளர்ந்துவிட்டன. அவற்றின் ஆர்.என்.ஏ. ஓரிடத்தில் தாறுமாறாக நீண்டு மடிந்து, தசைக்கு வேண்டிய புரதங்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் அவள் கை எதையாவது பிடித்தால் சட்டென்று விரிவதில்லை. அந்த மடிப்புக்குள் போய் உட்கார ஒரு சின்ன மூலக்கூறை வடிவமைத்தேன். நேற்று புரதங்கள் விடுபட்டன! ஞாயிறுதோறும் அவள் கையை மூடித் திறப்பதை வீடியோ எடுத்து அனுப்பு. மருந்து வந்ததும் ஒப்பிட வேண்டும்.

உன் அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

வீடியோக்கள் வந்தனவா? ஒரு வரி பதில் போட்டால் குறைந்தா போய்விடுவாய்? குட்டியோ தையல் போட்ட இடத்தைக் காட்டி, "மாமா மருந்துக்கு நான்தான் சதை குடுத்தேன்" என்று வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொள்கிறாள். நேற்று பேருந்துக் கம்பியைப் பிடித்த கை விரியவில்லை. நடத்துனர் அவசரத்தில் இழுத்துவிட்டார். மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறது. இழுக்காமல் காத்திருக்க உனக்கும் எனக்கும்தான் தெரியும். சீக்கிரம் செய் அண்ணா.

உன் தங்கை


ஜூலை 20

அன்புத் தங்கைக்கு,

வேலை தலைக்குமேல் இருக்கிறது. எல்லாம் நல்லபடியாகப் போகிறது. வீடியோவை மட்டும் நிறுத்திவிடாதே.

அண்ணன்


செப்டம்பர் 14

அண்ணாவுக்கு,

உன் கடிதம் மனதுக்குச் சரியாகப் படவில்லை. வெள்ளிக்கிழமை சொல்லாமல் உன் ஆய்வகத்துக்கு வந்தேன். நீ கூட்டத்தில் இருந்தாய். செல் வளர்க்கும் பெண், பாவம், நான் யாரென்று தெரியாமல் சொல்லிவிட்டாள்: "அந்த நோயா? பிப்ரவரியிலயே நிறுத்தியாச்சுங்க. நோயாளிங்க ரொம்பக் கம்மி. அதே மூலக்கூறைக் கொஞ்சம் மாத்தி வேற நோய்க்குப் பண்றோம். சார்தான் முடிவெடுத்தாரு. அந்தச் செல்லெல்லாம் கொட்டிட்டோம்."

கொட்டியது என் பிள்ளையின் சதை. மேலிடம் நிறுத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிறுத்தியது நீ. அதைச் சொல்லவும் வாய் வராமல், எதற்கும் உதவாத வீடியோவுக்கு வாராவாரம் அவளை உட்காரவைத்தாய். மாமா பார்ப்பார் என்று ரிப்பன் கட்டிக்கொள்வாள். வலித்தாலும் சிரிப்பாள். நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டாய்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று ஞாயிறு. ரிப்பனோடு வந்து நிற்கிறாள். நான் எடுப்பேன். அந்த வீடியோ உனக்கு வராது.

பதில் எழுதாதே.

குட்டியின் அம்மா