நடுமூளையில் ஒரு கருப்புப் பட்டை

12-10-78
தூறல். கா. 6, இரண்டு எல்-டோபா மாத்திரை. வலக்கை நடுக்கம் அடங்க முக்கால் மணி. சட்டையில் மூன்று பொத்தான் மட்டும் போட முடிந்தது. எழுதுவது இடக்கையால்.

மருத்துவக் கல்லூரியிலிருந்து படிவம் வந்துவிட்டது. நான் இறந்தபின் மூளையை அறுத்துப் பார்க்கச் சம்மதம். மனைவி ஆரோக்கியத்தின் கையெழுத்து கட்டாயம். ஆரோக்கியம் அதைத் தொடக்கூட இல்லை.

"மூளை இல்லாமயா உன்ன பொதைக்கறது?"

பங்குச் சாமியார் தடையில்லை என்றதைச் சொன்னேன்.

"உன்ன கட்டிகினது நானா, சாமியாரா?"

13-10-78
கனமழை. மாத்திரை வாங்கப் போக வாலாஜாபாத் பஸ் இல்லை. இங்கே படப்பையில் அது கிடைக்காது.

பழைய நோட்டை எடுத்தேன். அதே மருத்துவக் கல்லூரியில் முன்பு மூளையைச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடியில் ஒட்டும் வேலை எனக்கு. படிப்பு எட்டாவது, மற்றதெல்லாம் நூலகத்தில் நானே. இப்போது எனக்கு வந்திருக்கும் இதே உதறுவாதத்தில் (பார்க்கின்சன்) இறந்தவர்களின் நடுமூளை. அதில் கருப்புப் பட்டை, கைகால் அசைவுக்கு வேண்டிய டோபமின் சுரக்கும் செல்கள். கீழ்வரிசை காலி, மேல்வரிசை அப்படியே. ஒன்பது மூளை, ஒன்பது படம் வரைந்தேன். எல்லாம் ஒரே வகைச் செல் என்றால் ஒன்று சாக, பக்கத்தில் உள்ளது ஏன் பிழைக்கிறது? பெரிய டாக்டர் படத்தைப் பார்க்கவே இல்லை. "சாயம் சரியா ஏறல. நீ அறுக்கறத மட்டும் பாரு." பதினோரு வருடம் ஆகிறது.

பத்தாவது படம் என் மூளை. அவர்களே அறுக்கட்டும், அவர்களே சாயம் ஏற்றட்டும்.

மதியம் கஞ்சி சிந்தியது. தட்டைத் தள்ளிக் கத்தினேன். ஆரோக்கியம் துடைத்தபடி: "கைதான் போச்சி. கோவம் ஒரு பொட்டு கொறையல."

குறித்துக்கொண்டேன். கை போனது. கோபம், காப்பி ஆசை போகவில்லை. அப்படியென்றால் செத்த செல் வேறு, பிழைத்த செல் வேறு.

14-10-78
வெயில். அவளாகவே கேட்டாள்: "எவ்ளோ எடுப்பானுங்க?"

முழு மூளை வேண்டாம், பட்டை மட்டும் என்று படிவத்தில் எழுதிவிடலாம் என்றேன். புளியங்கொட்டை அளவு.

"அத்தனூண்டுக்கா இத்தினி நாளா மூஞ்சிய தூக்கி வெச்சிகினு கீற?"

திருப்பித் தருவார்களா என்றாள். சீவினால் கண்ணாடியோடு சரி, வராது என்றேன். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

பட்டை இரண்டு. இடம் ஒன்று, வலம் ஒன்று. இரண்டும் வேண்டும். அதைச் சொல்லவில்லை.

15-10-78
ஞாயிறு. பூசைக்குப் போகவில்லை. காப்பி இறங்கவில்லை. பட்டை இரண்டு என்று சொல்லிவிட்டேன். படிவத்தைக் கேட்டாள். கிழிப்பாள் என்று நினைத்தே கொடுத்தேன். தன் பெயருக்குக் கீழே இன்னொரு முறை பெயரை எழுதினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரெண்டுன்னா ரெண்டு தபா போட வேணாமா?"