உன் மகளின் ரத்தத்தைப் பற்றி நான் சொன்னது

எட்டு வருஷமாகப் பதிலே பேசாமல் என்னையே பேசவிட்டுக்கொண்டிருக்கும் என் அருமை மச்சான் செல்வராசுக்கு,

நீ சுனாமிக்கு முந்தின ஆடியில் போனாய். தானே புயலையும் பார்க்கவில்லை. கடலூரே இருட்டில் கிடந்தபோது முதலில் எரிந்தது நம் மைக் செட் ஜெனரேட்டர்தான். கலெக்டரே ஜீப்பை நிறுத்தி, “யாருய்யா அது?” என்று விசாரித்தார். கலெக்டர் இல்லை, வி.ஏ.ஓ. என்பாள் உன் பெண்டாட்டி. என் தங்கச்சிக்கு என் பெருமை என்றைக்குப் பொறுத்தது?

ஆனால் இன்று பெருமைக்காக எழுதவில்லை. எரிச்சலில் எழுதுகிறேன். உன் மேல்தான் எரிச்சல். பெண்ணைப் பெற்றவன் பார்க்க வேண்டிய வேலையை எட்டாவது தாண்டாத என் தலையில் கட்டிவிட்டுப் போனாயே, இது நியாயமா?

உன் மகள் கயல்விழி சிதம்பரத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். எதைப் பற்றித் தெரியுமா? உன்னைக் கொண்டுபோன அதே ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜைக்குள் ரத்தத்தைப் பெற்றுப் போடுகிற தாய்ச் செல்கள் இருக்கின்றனவாம். நல்ல மனுஷனின் செல்லில் எந்தெந்த ஜீன் வேலை செய்கிறது, நோய்க்காரனின் செல்லில் எது வேலை செய்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள். இந்தப் படிப்பை எடுக்கச் சொன்னதே நான்தான். அவள் இல்லை என்பாள்.

சித்திரையில் குறிஞ்சிப்பாடியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சரவணனுக்கு பேங்கில் வேலை. ஒரு மாசம் போனில் பேசிப் பார்த்து, “எனக்குப் புடிச்சிருக்கு மாமா” என்று கயல் தன் வாயால் சொன்ன பிறகுதான் அவர்களை வரச் சொன்னேன்.

மாப்பிள்ளையின் அம்மா கேசரியைக் கையில் எடுத்துக்கொண்டு, “பொண்ணு சிதம்பரத்துல என்னா படிக்குது?” என்று கேட்டார். சயின்ஸ் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். தாய்மாமன் அப்படி விடலாமா?

“எங்க மச்சான கொன்ன வியாதிய இவ சும்மா வுடுவாளா? அவரு ரத்தத்த பாட்டில்ல புடிச்சி ஃபிரிட்ஜில வச்சிருக்காங்க! அவருக்கு இருந்த அதே ஜீன்தான் இவ ஒடம்புலயும் ஓடுது. பாருங்க, நாளைக்கே அமெரிக்காக்காரன் வந்து கூப்புடுவான்!”

அந்த அம்மா எடுத்த கேசரியைத் தட்டிலேயே வைத்தார். “ஊருக்குப் போயி சொல்லி அனுப்புறோங்க” என்று எழுந்தார். சொல்லி அனுப்பவில்லை. சரவணனின் போனும் நின்றுபோனது.

கயல் என்னைப் பிடித்து உலுக்கிவிட்டாள்.

“பாட்டிலு எங்க மாமா இருக்கு? எனக்கு வேலையே பாதி கம்ப்யூட்டர்லதான்.”

“ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டி.”

“அப்பா வியாதி எனக்கும் வரும், எனக்குப் பொறக்குறதுக்கும் வரும்னு ஆயிடிச்சே ஒன் பேச்சு!”

“அப்ப ஒனக்கு அந்த ஜீன் இல்லியா?”

“இருக்கு. ஒனக்கும் இருக்கு. அந்த அம்மாவுக்கும் இருக்கு.”

எனக்குத் தலை சுற்றியது. அவள் என் கடையிலிருந்த சுவிட்ச் போர்டை இழுத்து முன்னால் போட்டாள்.

“தேருக்கு லைட் கட்டுறியே, இதுல எல்லா சுவிட்சயும் ஒண்ணா போடுவியா?”

“போட்டா ஃபியூஸ் போயிடும்.”

“ஒடம்புல எல்லா செல்லுக்கும் ஏறக்குறைய ஒரே போர்டுதான் மாமா. எத போடுது, எத அணைக்குதுங்கறதுதான் வித்தியாசம். தாய்ச் செல்லு பெருகுறதுக்குன்னு சில சுவிட்ச் இருக்கு. அத அணைச்சாதான் அது வளந்து ஒழுங்கான ரத்தமாவும். அப்பாவுக்கு அணைய வேண்டியது அணையல. வளராத செல்லாவே பெருகிட்டுப் போச்சி. அந்தப் பழுது அவரு மஜ்ஜையில பிற்பாடு வந்தது. பெரும்பாலும் அப்படித்தான். புள்ளைக்கு வர்றது ரொம்ப அபூர்வம்.”

“இத முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?”

“நான் ஆரம்பிச்சா நீ ஆரம்பிச்சிடுறியே!”

மறுநாளே குறிஞ்சிப்பாடிக்கு பஸ் ஏறினேன். சட்டையெல்லாம் இஸ்திரி போட்டது. போய் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். சுவிட்ச், போர்டு, மஜ்ஜை, ஒன்றும் விடவில்லை. அந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

“அன்னிக்கு பாட்டில்ல ரத்தம் இருக்குன்னீங்க.”

“பாட்டிலு இல்லீங்க.”

“அமெரிக்காக்காரன்?”

“அவனும் இல்லீங்க.”

“பொண்ணு சிதம்பரத்துல படிக்கிறதாவது நெசமா?”

சரவணன் சிரித்துவிட்டான். எனக்கு அழுகைதான் வந்தது, மச்சான். அளந்துவிட்டபோது ஒரு வார்த்தை விடாமல் நம்பினார்கள். உண்மையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடி போனால் யாரும் நம்பவில்லை. என்ன ஜனங்களோ!

கடைசியில் கேட்டார். “எம் பேரப்புள்ளைக்கு இந்த வியாதி வராதுன்னு எழுதித் தருவீங்களா?”

முத்திரைத்தாளிலேயே எழுதித் தருகிறேன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போதுதான் உன் முகம் நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி வாரம், “பதினெட்டாம் பெருக்குக்கு வீட்ல இருப்ப மச்சான், டாக்டர் எங்கிட்ட தனியாச் சொன்னாரு” என்றேன். எந்த டாக்டரும் சொல்லவில்லை. நீ நம்பினாய். “அப்ப கயல்கிட்ட வீட்டுக்கு வந்தே பேசிக்கிறேன்” என்றாய். அவள் வராந்தா பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள். மூன்றாம் நாள் நீ இல்லை.

“எழுதித் தர முடியாதுங்க” என்றேன். “எனக்குத் தெரியாது. பெரும்பாலும் வராதுன்னு அவ சொல்றா. யாருக்குமே வராதுன்னு யாரும் எழுதித் தர முடியாதுன்னும் சொல்றா. இதுக்கு மேல அவளத்தான் கேக்கணும்.”

அந்த அம்மா கட்டியிருந்த கையைப் பிரித்தார். “வந்ததுலேருந்து இப்பதான் ஒழுங்காப் பேசுறீங்க. ஞாயித்துக்கெழம அவளையே கூட்டியாங்க. அவ பேசட்டும். நீங்க வெளிய ஒக்காருங்க.”

உட்கார்ந்தேன். என்னையே வெளியே உட்காரச் சொல்கிறார்! கடலூர் மாவட்டத்தில் மைக்கை என் கையிலிருந்து பிடுங்கினவன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கயலை உள்ளே அனுப்பிவிட்டு, ஒரு மணி நேரம் வாசலில் நாற்காலி போட்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே என்ன பேசினார்களோ, எனக்குத் தெரியாது. கயல் வெளியே வந்தபோது அந்த அம்மாவின் கை அவள் தோளில் இருந்தது. ஆவணியில் கல்யாணம்.

எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அப்பா தன்னிடம் கடைசியாக ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போனார் என்று அந்தப் பெண் எட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம்கூட, “அப்பாவுக்கு எங்கிட்ட சொல்ல ஒண்ணுமே இல்லியா மாமா?” என்று கேட்டாள். நிறையச் சொன்னாரே என்று நாலு வசனம் கட்டிச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை, மச்சான். இருமிக்கொண்டே எழுந்து போய்விட்டேன்.

முகூர்த்தத்துக்கு முன்னால் அவளை உட்காரவைத்துச் சொல்லிவிடுகிறேன். அப்பா உன்னிடம் பேச ஆசைப்பட்டார், நாள் இருக்கிறது என்று நம்பவைத்தவன் நான்தான் என்று. ஒரு வார்த்தை கூட்டாமல் சொல்வேன். அதற்குப் பிறகும் தாய்மாமன் மாலையை என் கையால் வாங்கிக்கொள்வாளா என்பது அவள் இஷ்டம்.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உன் மகளுக்குத் தாய்மாமன்,
தண்டபாணி