யூசுப்பின் நோட்டும் என் நோட்டும்

2014 ஜூன் 7, சனி. மழை.

இன்று முதல் பேனா. பென்சிலுக்கு விடுதலை. வயது எழுபத்திரண்டு. கோலாலம்பூரில் நாற்பது வருடம் லாரி ஓட்டியபோது எண்கள் மட்டும் தெரியும். ஜூனில் குளிரும் இந்தத் தென்கோடி ஊருக்கு வந்தபின் மகள் மாலா சொல்லிக்கொடுத்து எல்லா எழுத்தும் வந்துவிட்டது, ‘ஞ’ மட்டும் இன்னும் கோணல். ரொம்ப சந்தோஷம்.

எல்லாம் யூசுப்பால். லெபனான்காரர், பக்கத்துப் பென்ரோஸில் கிடங்கு வேலை. அவர் மகள் ரானியாவும் என் பேத்தி கவிதாவும் ஒரே ஃபுட்சால் அணி. உள்ளரங்கில் பக்கத்துக்கு ஐந்து பேர். போன வருடம் முன்னால் நின்று கோல் அடித்தவள் கவிதா. ரானியா வந்தாள், கவிதா பெஞ்சுக்குப் போனாள். யூசுப் என் பக்கத்தில் உட்கார்ந்து மகளின் ஒவ்வொரு கோலையும் நோட்டில் எழுதுவார், வலமிருந்து இடமாக. நான் சும்மா பார்த்துக்கொண்டு. எத்தனை வாரம்! வயிறு எரிந்தது. நானும் ஒரு நோட்டு வாங்கினேன், எழுதப் பழக.

இன்று: ர. 4, க. 0. ஆரஞ்சு எடுத்துப்போக மறந்தேன்.

‘ர’ எழுதச் சுலபம். ‘க’வுக்குத்தான் வளைவு அதிகம். அதிலும் ரானியாவுக்கே வசதி.

ஜூன் 14, சனி. நல்ல குளிர்.

யூசுப்புக்கு இன்று வேலை. காலையில் வந்து தன் நோட்டை என் கையில் கொடுத்தார். லெபனான் பெண்கள் அணிக்கு ரானியாவை எடுக்கலாமா என்று பார்க்கிறார்களாம். அடித்த கோல் எல்லாம் எழுதி அனுப்ப வேண்டும்.

“அங்கிள், இப்போது நீங்களும் எழுதுகிறீர்களே. தமிழில் எழுதுங்கள், மாலா படித்துச் சொல்லட்டும்.”

என்னை நம்பி!

ர. இரண்டு அடித்தாள். கடைசியில் க.வை இறக்கினார்கள். மூன்றாவது கோல்: ர. அடித்த பந்து, கம்பத்தருகே நின்ற க.வின் காலை ஒட்டி உள்ளே போனது. ரெஃப்ரி தாளில் எண்ணிக்கை மட்டும், பெயர் கிடையாது. என் நோட்டில் எழுதினேன்: க. 1.

காரில் காட்டினேன். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, மாலா படித்தாள்.

“நோ, தாத்தா. என் கால்ல படவே இல்ல. அது ரானியாவோட கோல்.”

“பட்ட மாதிரி இருந்துச்சும்மா.”

“அவளுக்கு அது வேணும், தாத்தா.”

“உனக்கு வேணாமா?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாலா: “ஏம்பா, பொய் எழுதவா எழுத்துக் கத்துக்கிட்டீங்க?”

இரவு கஞ்சி மட்டும்.

ஜூன் 15, ஞாயிறு. வெயில்.

‘க. 1’ மேல் கோடு போட்டேன். பேனா என்பதால் அழியவில்லை. யூசுப் நோட்டில் எழுதினேன்: மூன்றாவது கோல், ரானியா. முழுப் பெயர். கொஞ்சம் சின்ன எழுத்தில்.

யூசுப் வந்தார். என் எழுத்தை விரலால் தடவினார். “அழகு.” டீ, மூன்று சர்க்கரை.

ஜூலை 19, சனி. காற்று.

புதன்கிழமை ரானியா லெபனான் போனாள். எடுத்துவிட்டார்கள். ஏர்போர்ட்டில் கவிதா அழுதாள். நான் அழவில்லை.

இன்று முதல் நிமிடத்திலிருந்தே க. ஆட்டத்தில். யூசுப்பும் வந்திருந்தார். நோன்பு, தண்ணீர்கூட இல்லை. கையில் நோட்டு. மகள் இல்லாத ஆட்டத்துக்கு நோட்டு எதற்கு?

க. இடது காலால் ஒரு கோல்! எழுந்து கத்தினேன். உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றுவதற்குள் யூசுப் எழுதி முடித்துவிட்டார். என் பேத்தியின் கோலை. எனக்கு முன்னால்.