இரண்டாம் குகையில் ஹீலியம்

14 மார்ச் 2061, 10:05. குகை இரண்டு, தரைக்குக் கீழே 120 மீட்டர்
எழுதுவது அங்கயற்கண்ணி, தரவு ஆய்வாளர். மோதுகருவி நிறுத்தத்தில் இருக்கிறது. உணர்கருவியின் கம்பிகளைச் சோதிக்கத் தனியாக இறங்கியிருக்கிறேன். ஒரே மோதலில் டாப் குவார்க் எனும் கனமான துகள்கள் நான்கு பிறப்பது மிக அரிது. இதுவரை பதினொரு தடவை நடந்திருக்கலாம் என்கிறது கோட்பாடு. நாங்கள் பார்த்தது இருபத்தொன்பது. நாம் அறியாத துகள் ஏதோ இருக்கிறது என்கிறேன். கம்பிக் கோளாறு என்கிறார் இயக்குநர் சத்தியசீலன்.

11:40
கம்பிகளில் பழுதில்லை. தொலைபேசியில் மேலே தெரிவித்தேன். இயக்குநரின் பதில்: "கோளாறுதான்னு எழுதிக் கையெழுத்துப் போடு. அதுவரைக்கும் கதவு தொறக்காது."
மிரட்டல் என்று நினைத்தேன். ஏணி ஏறி மேல்தட்டில் கதவைப் பார்த்தேன். பூட்டியிருக்கிறது.

12:15
காந்தத்தைக் குளிர்விக்கும் குழாயில் விரிசல். ஹீலியம் பீறிடுகிறது. காற்றைவிட லேசானது, மூச்சுக் காற்றை விரட்டிக்கொண்டு கூரையிலிருந்து கீழ்நோக்கி நிறைகிறது. இடுப்பில் ஒரு அவசர முகமூடி, பத்து நிமிடக் காற்று. கதவு திறந்தால்தான் அதனால் பயன்.
தொலைபேசியில் கத்தினேன். ஹீலியம் கலந்த மூச்சு. குரல் கீச்சென்று வந்தது.
"என்னையே கேலி பண்றியா?" இயக்குநர் வைத்துவிட்டார்.

12:27
கட்டுப்பாட்டு அறை மரியசெல்வம் அழைத்தார். "அக்கா, இங்க எச்சரிக்கை விளக்கு எரியுது. அவரு நம்ப மாட்டேங்கிறாரு. தரையோட படுத்துக்கோங்க. சாவிய எடுத்துட்டு நானே வர்றேன்."
முகமூடி போட்டுக்கொண்டு வரச் சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது.

12:39
கன்னம் சிமெண்டில். தலை சுற்றுகிறது. அந்த ஆள் மேல் கோபம்கூட வரவில்லை. இல்லை, வருகிறது.

12:44
கதவு திறந்தது. செல்வம் வெறும் முகத்தோடு வந்தார். மேல்தட்டில்தான் ஹீலியம் அதிகம். கத்தினேன், கேட்கவில்லை. விழுந்துவிட்டார்.
முகமூடியோடு அவரைத் தாண்டிப் போய்விடலாம். வழி திறந்தே
ஏறுகிறேன்

13:10. குகைக்கு வெளியே
எழுதுவது மரியசெல்வம். கண் விழித்தபோது முகமூடி என் முகத்தில் இருந்தது. அக்கா என் மேல் சாய்ந்து கிடந்தார். வெளியே இழுத்து வந்தேன். மூச்சில்லை. அவர் கையில் இந்தப் பதிவு இருந்தது, எடுத்துக்கொண்டேன்.
இயக்குநர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். "அந்தப் பதிவக் குடுறா. அவளுக்கு இனிமே எதுக்கு?"
கொடுக்க மாட்டேன். அவர் காவலாளிகள் இரண்டு பேரைக் கூப்பி